பண்டிகை விற்பனைக்குக் கேக் சுடுகிறவர்களுக்கு

எங்கள் கிறிஸ்தவ ஆலயத்தில், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை வரும். ஆராதனை முடிந்ததும் வளாகத்தில் பந்தலுக்குக் கீழே விற்பனை தொடங்கிவிடும். வாழைத்தார், தேங்காய், நாட்டுக்கோழி, முருங்கைக்கீரைக் கட்டு, அதிரசம், முறுக்கு என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஏதாவது வந்து சேரும். பந்தலின் கிழக்கு ஓரத்தில் இரண்டு மேசைகள் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு. அங்கே வீட்டில் சுட்ட கேக்கும் பிஸ்கட்டும் விற்கிறோம். பதினாறு வருடமாக அந்த மேசைகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அதில் சேரும் பணம் விடுதியில் தங்கிப் படிக்கும் பெண் பிள்ளைகளின் சாப்பாட்டுக் கட்டணத்துக்குப் போகிறது. நானும் அப்படி ஒரு விடுதியில் வளர்ந்தவள். என் அம்மாவால் கட்ட முடியாமல் போன மூன்று மாதக் கட்டணத்தை எந்த ஊர்ச் சபைப் பெண்களோ கட்டினார்கள். அவர்கள் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதனால் இந்த மேசையில் ஒரு துண்டு கேக் வீணாவதைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

ஆகஸ்ட் பிறந்ததும், "அக்கா, இந்த வருடம் நானும் ஏதாவது செய்து தருகிறேன், எது செய்யட்டும்?" என்று இரண்டு மூன்று பேராவது கேட்பார்கள். பாளையங்கோட்டைக்குப் புதிதாக வந்தவர்கள், இப்போதுதான் ஓவன் வாங்கியவர்கள், ஓவனே இல்லாதவர்கள் என்று பலரும் இதில் உண்டு. அவர்களிடம் வாயால் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். கோயில் அன்னதான நிதி, பள்ளி ஆண்டு விழா, வெள்ள நிவாரணம் என்று எதற்குக் கேக் சுட்டு விற்றாலும் வேலை ஏறக்குறைய இதுதான்.

எதைச் சுடலாம் என்று யோசிக்கும் முன், அதை யார், எப்போது, எங்கே இருந்து சாப்பிடுவார்கள் என்று யோசியுங்கள். எங்கள் பந்தலில் பத்தரை மணிக்குக் கேக் வாங்குகிறவர் அங்கேயே நின்று சாப்பிடுவதில்லை. பையில் வைத்துக்கொண்டு அசனத்துக்கு, அதாவது சபையார் கூடிச் சாப்பிடும் விருந்துக்கு, போகிறார். சாப்பிட்டுவிட்டு உறவினர்களோடு பேசுகிறார். பிறகு பஸ் ஏறுகிறார். அந்தப் பையில் தேங்காயும் இருக்கும், வாழைப்பழச் சீப்பும் இருக்கும். மாலை ஐந்து மணிக்குக் காப்பியோடு பொட்டலத்தைப் பிரிக்கிறார். மீதி ஒரு துண்டு திங்கட்கிழமை பிள்ளையின் டிபன் டப்பாவுக்குள் போகிறது. ஆக, நீங்கள் சுடுவது ஞாயிற்றுக்கிழமை காலைக்கு அல்ல, திங்கட்கிழமை பத்தரை மணி இடைவேளைக்கு. அந்த நேரத்தில் உதிராமல், பிசுபிசுக்காமல், புளிக்காமல் இருப்பது எதுவோ அதுதான் விற்பனைக் கேக்.

இதை வைத்துப் பார்த்தாலே பாதிப் பட்டியல் அடிபட்டுப் போகும். கிரீம் தடவிய கேக் வேண்டவே வேண்டாம். திருநெல்வேலி வெயிலில் வெண்ணெய் ஐசிங் பதினொரு மணிக்கு வழியத் தொடங்கும். பால் கிரீம் என்றால் அழகு கெடுவது மட்டுமல்ல, வயிற்றுக்கும் ஆபத்து. பாலும் முட்டையும் சேர்ந்த கஸ்டர்ட், புட்டிங் எதையும் இந்த வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. பச்சைத் தேங்காய்த் துருவலை மேலே தூவிய கேக்கும் மறுநாள் சிக்கு வாடை அடிக்கும். சாக்லேட் முலாம் பூசியதும் பந்தலுக்கு ஏற்றதல்ல. வாங்குகிறவரின் விரல், பை, வெள்ளைச் சேலை எல்லாவற்றிலும் அது ஒட்டிக்கொள்ளும்.

தூத்துக்குடி மக்ரூனைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். முந்திரி, சர்க்கரை, முட்டையின் வெள்ளைக் கரு, இந்த மூன்றே பொருள்தானே என்று தோன்றும். ஆனால் அது சுடுவதை விட உலர்த்துகிற வேலை. அங்கே பேக்கரிகளில் அடுப்பின் மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வைத்து எடுக்கிறார்கள். வீட்டு ஓவனில் கைப்பழக்கம் வராமல் விற்பனைக்கென்று முதல்முறை முயற்சி செய்யாதீர்கள். அதோடு, அது ஈரக் காற்றுப் பட்டால் அரை மணி நேரத்தில் நமுத்துப்போகும். அக்டோபர், நவம்பர் மழையில் விற்பனை வைக்கிறவர்கள் அதை நினைக்கவே வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விற்பனைக்குப் புதுச் செய்முறை கூடாது. குறைந்தது பத்து முறையாவது உங்கள் வீட்டில் செய்து, பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பண்டமாக இருக்கட்டும். "நல்ல காரியத்துக்குத்தானே, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன" என்று சிலர் சொல்வதுண்டு. அந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. இருபத்தைந்து ரூபாய் கொடுத்தவருக்கு இருபத்தைந்து ரூபாய்க்கான கேக் கிடைக்க வேண்டும். இரக்கப்பட்டு வாங்குகிறவர் ஒருமுறைதான் வாங்குவார். ருசிக்காக வாங்குகிறவர் அடுத்த வருடமும் வருவார், கூடவே தங்கையையும் அழைத்து வருவார்.

முதலில் கூடிப் பேசிக்கொள்ளுங்கள்

ஒரு வருடம் பதினான்கு பேரில் ஒன்பது பேர் வெனிலா கேக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மேசை முழுக்க ஒரே மஞ்சள் நிறம். வந்தவர்கள் ஒரு துண்டோடு நகர்ந்துவிட்டார்கள். அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு முன்பே ஒரு நோட்டில் யார் எது, எத்தனை துண்டு என்று எழுதிவிடுகிறோம். எங்கள் கணக்கு: சாதாரண வெண்ணெய் கேக் மூன்று பேர், கருப்பட்டி கேக் மூன்று பேர், முட்டை சேர்க்காத பேரீச்சம்பழக் கேக் இரண்டு பேர், வாழைப்பழக் கேக் ஒருவர், நெய் பிஸ்கட் மூன்று பேர், உப்பு பிஸ்கட் இரண்டு பேர். அந்த உப்பு பிஸ்கட்டைக் குறைவாக எடை போடாதீர்கள். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து வெறுங்கையோடு போவதைப் பார்த்துப் பார்த்து ஓமம் போட்ட காரப் பிஸ்கட் சேர்த்தோம். அதிலும் மைதா உண்டு என்பதால் அது சர்க்கரை நோய்க்கு உகந்தது என்று யாரிடமும் சொல்லி விற்க மாட்டோம். இனிப்பு இல்லை என்பதை மட்டும் சொல்வோம்.

முட்டை சேர்க்காததற்கு ஏன் இத்தனை இடம் என்றால், எங்கள் பண்டிகை புரட்டாசியில் விழுகிறது. சுற்றியுள்ள தெருக்களிலிருந்து வரும் இந்துச் சகோதரிகள் பலர் அந்த மாதம் முட்டையைத் தொடுவதில்லை. அவர்கள் ஒவ்வொரு வருடமும் நம் விற்பனைக்கு வந்து வாங்குகிறவர்கள். அவர்களுக்கென்று மேசையில் ஒரு பக்கம் ஒதுக்குவது நம் கடமை. ஒதுக்கினால் மட்டும் போதாது. முட்டை அடித்த கரண்டியைக் கழுவாமல் அந்த மாவில் போடக் கூடாது. மேசையிலும் அதற்குத் தனி இடுக்கி வைக்க வேண்டும்.

கருப்பட்டி கேக்

எங்கள் மேசையில் முதலில் தீர்வது இதுதான். முட்டை கிடையாது, திங்கட்கிழமை வரை தாங்கும், கடையில் கிடைக்காது. இருபது சென்டிமீட்டர் சதுரத் தட்டு ஒன்றுக்கு அளவு சொல்கிறேன். கருப்பட்டி 200 கிராம், தண்ணீர் 100 மில்லி, மைதா 200 கிராம், உருக்கிய வெண்ணெய் 100 கிராம், புளிக்காத கெட்டித் தயிர் 150 மில்லி, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, ஆப்பச் சோடா அரைத் தேக்கரண்டி, சுக்குப் பொடி ஒரு தேக்கரண்டி, ஏலக்காய்ப் பொடி அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை.

உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் நல்லது. எந்தக் கருப்பட்டி என்றாலும் தட்டிப் பாருங்கள். அதிகச் சர்க்கரை கலந்தது உடைத்த இடத்தில் பளபளவென்று மின்னும், வாயில் போட்டால் இனிப்பு மட்டும்தான் தெரியும். நல்ல கருப்பட்டியில் இனிப்புக்குப் பின்னால் லேசான கரிப்பும் புகை வாசமும் வரும். அதைத் தட்டித் தண்ணீரில் போட்டு, இளந்தீயில் கரைய மட்டும் விடுங்கள். பாகு காய்ச்ச வேண்டாம். கரைந்ததும் மெல்லிய வெள்ளைத் துணியை இரண்டாக மடித்து அதில் வடிகட்டுங்கள். வடித்த பிறகு துணியை விரித்துப் பார்த்தால், நடுவில் கறுப்பாக ஒரு கோடு போல மணல் படிந்திருக்கும். சில சமயம் ஓலைத் தும்பு, சுண்ணாம்புத் துணுக்கு கூட இருக்கும். ஒரே ஒரு மணல் பல்லில் நறுக்கென்று பட்டால் போதும், அவர் அந்தக் கேக்கை மறக்க மாட்டார், நல்ல விதத்தில் அல்ல. டீ வடிகட்டி இதற்குப் போதாது, துணிதான் வேண்டும்.

பாகு கைபொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆற வேண்டும். சூடாக இருக்கும்போது தயிரைச் சேர்த்தால் திரிந்துவிடும். ஆறியதும் வெண்ணெயும் தயிரும் சேர்த்துக் கலக்குங்கள். மைதா, பேக்கிங் பவுடர், சோடா, சுக்கு, ஏலக்காய், உப்பு எல்லாவற்றையும் இரண்டு முறை சலித்து அதில் கொட்டி, மாவு வெள்ளை மறையும் வரை மட்டும் கிளறுங்கள். தோசை மாவு போல அடித்துக் கலக்கினால் கேக் ரப்பர் போல ஆகிவிடும். தயிர் பட்டவுடன் சோடா நுரைக்கத் தொடங்கிவிடும் என்பதால், மாவைக் கலந்து வைத்துவிட்டு மளிகைக்கு ஆள் அனுப்ப நேரமில்லை. ஓவனைப் பத்து நிமிடம் முன்பே 170 டிகிரியில் சூடேற்றி வைத்திருக்க வேண்டும். தேங்காயைச் சிறு பல்லாக நறுக்கி, நெய்யில் சிவக்க வறுத்து மேலே தூவுகிறேன். நன்றாக வறுத்த தேங்காய்ப் பல் பச்சைத் துருவல் போலச் சீக்கிரம் கெடாது. முப்பத்தைந்து நிமிடம் கழித்து ஒரு ஈர்க்கை நடுவில் குத்தி எடுங்கள். மாவு ஒட்டாமல், ஓரிரு பொடி மட்டும் ஒட்டி வந்தால் எடுத்துவிடலாம். முழுக்கக் காய்ந்து வரும் வரை விட்டால் மறுநாள் கேக் வறண்டுபோகும்.

சாதாரண வெண்ணெய் கேக்குக்குச் செய்முறை எல்லோரிடமும் இருக்கும். மைதா, வெண்ணெய், பொடித்த சர்க்கரை மூன்றும் 200 கிராம் வீதம், நான்கு முட்டை, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி. இதில் சொல்ல இரண்டே விஷயம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த வெண்ணெயும் முட்டையும் அறைச் சூட்டுக்கு வரட்டும். இல்லையென்றால் முட்டை சேர்க்கும்போது கலவை திரிந்தாற்போல ஆகும். இரண்டாவது, வெண்ணெயையும் சர்க்கரையையும் நிறம் வெளுக்கும் வரை அடியுங்கள். கையால் அடிக்கிறவர்களுக்குப் பதினைந்து நிமிடமாவது ஆகும். கை வலிக்கிறது என்று ஏழு நிமிடத்தில் நிறுத்துகிறவர்களின் கேக் அடியில் களி போலப் படிந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நெய் பிஸ்கட்தான் முதல்முறை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது. மைதா 250 கிராம், பொடித்த சர்க்கரை 125 கிராம், நெய் 140 கிராம், ஏலக்காய், சிட்டிகை உப்பு, சிட்டிகை சோடா. பிசைந்து, சிறு எலுமிச்சை அளவுக்கும் குறைவாக உருட்டித் தட்டி, 160 டிகிரியில் பதினைந்திலிருந்து பதினெட்டு நிமிடம். நாற்பது பிஸ்கட் வரும். தராசில் ஒவ்வொன்றும் பதின்மூன்று கிராம் என்று நிறுத்து உருட்டினால் எல்லாம் ஒரே நேரத்தில் வேகும், பொட்டலத்துக்குப் பத்து என்று போடும்போதும் யாருக்கும் குறை இருக்காது. ஓவனிலிருந்து எடுக்கும்போது தொட்டால் மெத்தென்று இருக்கும். வேகவில்லை என்று மறுபடி உள்ளே தள்ளாதீர்கள், ஆறும்போதுதான் இறுகும். காற்றுப் புகாத சம்படத்தில் பத்து நாள் இருக்கும். புதன்கிழமையே செய்து முடித்துவிடலாம் என்பதுதான் இதன் பெரிய நன்மை.

கிறிஸ்துமஸ் விற்பனைக்குப் பிளம் கேக் செய்கிறவர்கள் உலர்பழங்களை ஆரஞ்சுச் சாற்றிலோ திராட்சைச் சாற்றிலோ ஊறவைத்தால், கட்டாயம் குளிர்பெட்டியில் வையுங்கள். சாராயத்தில் ஊறுவது கெடாது. வெறும் சாற்றில் ஊறுவது நம் ஊர் வெயிலில் இரண்டாம் நாளே பொங்கிப் புளித்துவிடும்.

ஓவன் இல்லாதவர்களுக்கு

எங்கள் சங்கத்தில் மிகப் பதமான கேக் சுடுகிற பெரியம்மாவிடம் ஓவன் கிடையாது. அடிகனமான பழைய பிரியாணிச் சட்டியில் ஒரு விரல்கடை உயரத்துக்குக் கல்லுப்பு பரப்பி, மேலே ஒரு வளையத்தை வைத்து, மூடி போட்டுப் பத்து நிமிடம் நடுத்தரத் தீயில் காயவைப்பார். பிறகு கேக் தட்டை இறக்கி, தீயை மிகக் குறைத்து, ஐம்பது நிமிடம் திறக்கவே மாட்டார். குக்கரில் செய்கிறவர்கள் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும். ஆனால் தண்ணீர் இல்லாமல் காயவைத்தால் குக்கர் கெடும் என்பதால் தினமும் பருப்பு வேகவைக்கிற குக்கரை இதற்கு எடுக்காதீர்கள். சட்டியில் சுட்டால் மேல்பக்கம் சிவக்காது. அது குறையில்லை. திருப்பிப் போட்டு, சிவந்த அடிப்பக்கம் மேலே தெரிய வெட்டினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த உப்பைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காமல், அடுத்த கேக்குக்கென்று ஒரு டப்பாவில் போட்டு வைக்கலாம்.

ஓவன் உள்ளவர்கள் அந்த வாரம் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று செய்தித்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். பாதி வெந்த கேக்கில் மின்சாரம் போனால் நடு இறங்கிவிடும், பிறகு எதுவும் செய்ய முடியாது.

ஆறவிடுவதுதான் பாதி வேலை

இதை நான் பட்டுத்தான் கற்றேன். சில வருடங்களுக்கு முன் சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்குக் கடைசித் தட்டை எடுத்தேன். அடுத்த நாள் ஐந்து மணிக்கு எழ வேண்டும். கை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்புதானே என்று அறுபது துண்டுகளையும் மூடி போட்ட டப்பாக்களில் அடைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் திறந்தால் மூடியின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். அது சொட்டி, கேக்கின் மேல்தோல் ஊறி, விரலை வைத்தால் தோலோடு உரிந்து வந்தது. ருசி கெடவில்லை. ஆனால் அதை விற்க எனக்கு மனம் வரவில்லை. அப்படி ஈரம் கோத்த கேக் மறுநாளே பூசணம் பிடிக்கும். அறுபது துண்டு, அன்றைய விலையில் ஆயிரத்து இருநூறு ரூபாய். விடுதியில் ஒரு பிள்ளையின் முகம் தெரியாமலேயே நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. அந்தப் பணத்தை நான் கையிலிருந்து கட்டினேன் என்றாலும் அந்தக் காலை இன்னும் மனதில் இருக்கிறது.

ஆகவே, கேக்கைத் தட்டிலேயே பத்து நிமிடம் விட்டு, பிறகு கம்பி வலையில் கவிழ்த்து, அடியிலும் காற்றுப் படும்படி நான்கு மணி நேரமாவது ஆறவிடுங்கள். கம்பி வலை இல்லையென்றால் கழுவித் துடைத்த சுளகை (முறத்தை) திருப்பிப் போட்டு அதன்மேல் வைக்கலாம். மேலே மெல்லிய துணி போதும், தட்டுப் போட்டு மூடாதீர்கள். எறும்புக்கு, மேசைக் கால் நான்கையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். கைவைத்துப் பார்ப்பதை நம்பாமல், வெட்டிய துண்டின் நடுவைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கையைவிடக் கன்னத்துக்குச் சூடு நன்றாகத் தெரியும்.

என் வாரம் இப்படிப் போகும்: திங்கட்கிழமை மளிகை, புதன் பிஸ்கட், வெள்ளி மாலை கருப்பட்டி கேக்கும் வெண்ணெய் கேக்கும், சனிக்கிழமை பகலில் வெட்டிக் கட்டுவது. சனி இரவு ஒன்பது மணிக்குமேல் அடுப்பைத் தொடுவதில்லை. காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு இருந்தால் அந்த வருடம் சுடாதீர்கள். பொட்டலம் கட்டவும் வராதீர்கள். பணமாகக் கொடுத்துவிடுங்கள், அதற்கும் நோட்டில் ஒரு பக்கம் இருக்கிறது.

வெட்டுவது, கட்டுவது, எழுதுவது

முழுக்க ஆறிய கேக்கைத்தான் வெட்ட வேண்டும். நீளமான கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் இதையே செய்தால் ஓரம் சீராக வரும். இருபது சென்டிமீட்டர் தட்டில் நான்குக்கு நான்கு, பதினாறு துண்டு. ஓரத் துண்டு, நடுத் துண்டு என்று விலையில் பேதம் பார்க்க வேண்டாம். உடைந்த துண்டுகளைச் சேர்த்து வைத்தால் ருசி பார்க்கக் கொடுக்கலாம். அந்தத் தட்டு இல்லாத மேசையில் விற்பனை பாதிதான் நடக்கிறது.

செய்தித்தாளில் சுற்றாதீர்கள். அச்சு மை உணவில் இறங்கும். 2018ஆம் ஆண்டின் உணவுப் பேக்கேஜிங் விதிமுறைகளும் அதைத் தடை செய்திருக்கின்றன. பிளாஸ்டிக் தாளும் வேண்டாம். உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் தட்டு, தூக்குப் பை எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. பட்டர் பேப்பரில் சுற்றி, நூலால் கட்டினால் போதும். பரிசாகக் கொடுக்க வாங்குகிறவர்களுக்கென்று ஓலைக் கொட்டான்கள் வைக்கிறோம். மணப்பாடு பக்கம் பெண்கள் பின்னுகிற சிறு பெட்டிகள், உள்ளே பட்டர் பேப்பர், அதில் நான்கு துண்டு கருப்பட்டி கேக். கேக் தீர்ந்த பிறகும் அந்தப் பெட்டி வீட்டில் கிராம்பு, ஏலக்காய் போட்டு வைக்க இருக்கும். இன்னொரு பெண்ணின் கைவேலைக்கும் காசு போகிறது.

ஒவ்வொரு பொட்டலத்திலும் சீட்டு ஒட்டுங்கள்: பண்டத்தின் பெயர், சுட்ட தேதி, எந்த நாளுக்குள் சாப்பிட வேண்டும், முட்டை உண்டா இல்லையா, முந்திரி, நிலக்கடலை, பால், மைதா சேர்ந்திருக்கிறதா. கடலை ஒவ்வாத பிள்ளைக்கு மூச்சுத் திணறல் வரும். அந்தத் தாய்க்குச் சீட்டைப் பார்த்தால்தான் நிம்மதி. இந்தியச் சட்டப்படி முட்டை சேர்ந்த பண்டம் அசைவம் என்பதால், சீட்டின் மூலையில் பச்சைப் புள்ளிக்குப் பதில் பழுப்பு முக்கோணம் போடுகிறோம். பிள்ளைகள்தான் ஸ்கெட்ச் பேனாவால் வரைகிறார்கள். எழுத்து கோணலாக இருந்தாலும் விவரம் சரியாக இருக்கிறதா என்று ஒரு பெரியவர் பார்த்துவிட வேண்டும்.

அனுமதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2011ஆம் ஆண்டின் உணவு உரிம விதிமுறைகளில், தற்காலிகக் கடை வைக்கிறவர்களும் சமய, சமூகக் கூடுகைகளில் உணவு வழங்குகிறவர்களும் பதிவு செய்ய வேண்டிய சிறு வகையினராகச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். உங்கள் விற்பனைக்கு என்ன தேவை என்பதை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒரு மாதம் முன்பே நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விலையும் மேசையும்

விலை வைக்கும்போது பெண்கள் கூச்சப்படுகிறார்கள். கூச்சம் வேண்டாம், கணக்குப் போடுங்கள். சென்ற முறை ஒரு வெண்ணெய் கேக்குக்கு எனக்கு ஆனது: வெண்ணெய் 120, முட்டை 26, சர்க்கரை 10, மைதா 10, பேக்கிங் பவுடரும் எசன்ஸும் 6, எரிவாயு 12, காகிதமும் நூலும் 16. மொத்தம் 200 ரூபாய். பதினாறு துண்டு என்றால் துண்டுக்குப் பன்னிரண்டரை. இருபத்தைந்துக்கு விற்றால் 400. பொருளையும் தானமாகக் கொடுத்தவருக்கு அந்த நானூறும் விடுதிக்கே போகும். கொடுக்க வசதியில்லாதவர் இருநூறை எடுத்துக்கொள்ளலாம், அதை யாரும் குறையாகப் பேசக் கூடாது என்று எங்கள் சங்கத்தில் தீர்மானமே போட்டிருக்கிறோம். வசதி உள்ளவர்கள் மட்டுமே செய்கிற தர்மமாக இது ஆகிவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

விலை எல்லாம் ஐந்தில், பத்தில் முடியட்டும். பத்து ரூபாய்ச் சில்லறை ஐந்நூறுக்காவது காலையிலேயே மாற்றி வையுங்கள். கைபேசியில் பணம் அனுப்புகிறவர்களுக்குச் சங்கக் கணக்கின் கியூஆர் அட்டையை மேசையில் ஒட்டுங்கள். தனி ஒருவரின் கணக்கு வேண்டாம், பின்னால் மனக்கசப்பு வரும். காசு வாங்குகிற கை கேக்கைத் தொடக் கூடாது. இருவர் இருந்தால் ஒருவர் காசு, ஒருவர் இடுக்கி. மேசைக்கு நிழல் எந்தப் பக்கம் நகரும் என்று முந்தின நாள் பதினொரு மணிக்கு நின்று பார்த்துவிடுங்கள். பொட்டலம் கட்டாமல் வைக்கிற துண்டுகளுக்குக் கொசுவலை மூடி வேண்டும். பத்துப் பத்துத் துண்டாக வெளியே எடுத்து வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பரப்பினால் வெயிலில் காயும்.

ஒரு முழுக் கேக்கை மட்டும் வெட்டாமல் ஏலத்துக்கு வையுங்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு எலுமிச்சம்பழம்கூடப் பல மடங்கு விலைக்குப் போகும். எடுத்தவரே அதை மறுபடி ஏலத்துக்குக் கொடுத்துவிடுவதும் உண்டு. அப்படி இரண்டு மூன்று கை மாறும்போது கேக்கின் மேல் எத்தனை விரல் படும் என்று நினைத்துப் பாருங்கள். முழுவதும் மூடிய அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுங்கள்.

பன்னிரண்டரைக்கு மேல் மீந்ததை விலை குறைத்து விற்காமல், கட்டின பொட்டலங்களை அப்படியே விடுதிக்கு அனுப்பிவிடுகிறோம். அன்று சாயங்காலம் பிள்ளைகளின் டீயோடு அது போகும். அதனால் மீந்தது என்று யாரும் முகம் வாட வேண்டியதில்லை. ஆனால் வெளியே திறந்து வைத்திருந்த துண்டுகளை அங்கே அனுப்ப மாட்டோம். நம் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்குவதை அந்தப் பிள்ளைகளுக்கும் கொடுக்கக் கூடாது.

பிறகு பணத்தை மூன்று பேர் முன்னால் எண்ணி, நோட்டில் எழுதி, மூவரும் கையெழுத்துப் போடுங்கள். யார் வீட்டுத் தட்டு எது என்று அடியில் ஒட்டிய பெயரைப் பார்த்துக் கழுவித் திருப்பிக் கொடுங்கள். அன்றைக்கே, களைப்போடு களைப்பாக, எது எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்பதையும் எழுதிவிடுங்கள். ஒரு வாரம் போனால் மறந்துவிடும். என் நோட்டில் சென்ற வருடப் பக்கம் இப்படி இருக்கிறது: "கருப்பட்டி 48 துண்டு, 11.10க்குத் தீர்ந்தது. கேட்டு வந்து திரும்பியவர்கள் இருபது பேருக்கு மேல். அடுத்த முறை ஐந்து தட்டு. வாழைப்பழக் கேக் ஆறு துண்டு மீதி. ஓமப் பிஸ்கட் போதவில்லை. வடிகட்டும் துணி புதிது வாங்க வேண்டும்."